நீச்சல் குளத்தில் கறையா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

மரக்காணம் உப்பளங்களில் உவர்நீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பு படிகிறது, அடுத்து ஜிப்சம், அதற்குப் பிறகுதான் உப்பு. வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்கிறது, கரைந்திருந்தவை தங்கிவிடுகின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையோரத் தோட்ட வீடுகளின் நீச்சல் குளங்களிலும் நடப்பது இதுதான். அங்கே காணும் கறைகளில் பல, போர் தண்ணீர் கொண்டுவந்தவை அல்லது நாம் போட்ட மருந்து விட்டுப்போனவை. தேய்க்கத் தொடங்கும் முன் கறை எந்த வகை என்று தெரிந்துகொள்வது நல்லது.

நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம்

நீர்மட்டத்தை ஒட்டி வெள்ளையாகப் பொருக்கு கட்டினால் பெரும்பாலும் அது சுண்ணாம்பு. ஒரு சொட்டு வினிகர் விட்டால் நுரைக்கும். பிஹெச் 7.8ஐத் தாண்டினால் படிவு வேகமாகும். பிளீச்சிங் பவுடரிலும் கால்சியம் இருப்பதால் அது இன்னும் கூட்டும்.

செம்பழுப்புக் கறை இரும்பாக இருக்கலாம். இரும்புச்சத்துள்ள போர் தண்ணீர் ஏற்றும்போது தெளிவாகத்தான் இருக்கும். குளோரின் பட்டதும் தேநீர் நிறமாகிப் பின்பு தரையில் படியும். வைட்டமின் சி மாத்திரை ஒன்றைக் கறைமேல் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். வெளுத்தால் இரும்புதான்.

நீலப்பச்சை என்றால் செம்பு. பாசிக்காக மயில்துத்தம் போடும் குளங்களில் இது வரும்.

வேப்பிலை, பூவரச இலை ஊறிய இடத்தில் படியும் பழுப்பு, வெறும் சாயம். குளோரினைச் சற்றுக் கூட்டி பிரஷ் போட்டால் போய்விடும். இரும்புக் கறைக்கு அதையே செய்தால் கறை இன்னும் அழுத்தமாகும். அதற்குக் குளோரினைக் குறைத்துவிட்டு அஸ்கார்பிக் அமிலம் கரைக்க வேண்டும். கரைந்த இரும்பைப் பிடித்துவைக்கும் மருந்தையும் உடன் சேர்க்காவிட்டால், குளோரின் ஏறியதும் கறை திரும்பிவிடும்.

பூச்சு முதுமையடையும்போது

எத்தனை முறை நீக்கினாலும் துருக்கறை அதே இடத்தில் வந்தால், உள்ளே கம்பி துருப்பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். உப்பிலுள்ள குளோரைடு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியை அரிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்பதால் மேலே உள்ள கான்கிரீட் பெயரும். கடலோரச் சூழலுக்கு ஆட்படும் கான்கிரீட்டில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடல் வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி ஐஎஸ் 456. அது குறைந்த இடங்களில் கறை சீக்கிரம் தெரியும். அங்கே மேலே பூசி மறைப்பது வீண். கொத்தி, கம்பியைச் சுத்தம் செய்து, பழுதுபார்க்கும் கலவையால் மூட வேண்டும்.

தரை சொரசொரத்தால் நீர் அமிலத்தன்மையோடு இருந்து சிமெண்டைத் தின்றிருக்கலாம். ஆசிட் போட்டுக் கழுவினால் பளிச்சென்று ஆகும், ஆனால் ஒவ்வொரு முறையும் பூச்சில் ஒரு படலம் போய்விடும். ஆசிட்டைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை ஆசிட்டில் அல்ல. பிளீச்சிங் பவுடரோடு அது சேரவே கூடாது. விஷ வாயு கிளம்பும்.

எப்போது காலி செய்வது?

மழைக்காலத்தில் கூடாது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் போன்ற புயல்மழைக்குப் பின் நிலத்தடி நீர் மேலேறி நிற்கும். அப்போது குளத்தை வடித்தால் கீழிருந்து வரும் அழுத்தம் தரையைப் பிளக்கலாம், தொட்டியையே தூக்கிவிடலாம். பெரிய வேலைகளைக் கோடையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி பிஹெச் 7.2 முதல் 7.6 வரை, கால்சியம் கடினத்தன்மை லிட்டருக்கு 200 முதல் 400 மில்லிகிராம் வரை இருந்தால் போதும். வற்றியதற்கு ஈடாகப் போர் தண்ணீரையே ஊற்றிவந்தால் இந்த அளவு தானாக ஏறும். அவ்வப்போது ஒரு பகுதியை வெளியேற்றி நல்ல தண்ணீர் விட வேண்டும். புதிய பூச்சுக்குப் பணம் எடுத்துவைக்கும் முன், போர் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்து இரும்பு, கடினத்தன்மை, குளோரைடு மூன்றையும் பாருங்கள். புதிய பூச்சு போட்ட பிறகும் நிரப்பப்போவது அதே தண்ணீரைத்தானே!