குழு வளருங்கால் கருவி தெரிதல்

ஆலங்காயத்தில் தங்கிச் சவ்வாது மலைவாழ் மக்களின் வழக்குச் சொற்களைத் தொகுக்கப் புகுந்தபோது யாம் நால்வரே இருந்தோம். அன்றன்று கேட்டவற்றை மாலையில் வாட்ஸ்அப் குழுவில் எழுதினோம், அதுவே போதியதாயிற்று. மாணாக்கர் சேர்ந்து பதினெண்மராகிய பின்னர், ஒரே சொல்லை மூவர் தனித்தனியே தொகுத்தனர். வேறொரு சொல்லை யாரும் தொடவேயில்லை. ஒலிப்பை எவ்வாறு எழுதுவதென்று முன்பே செய்த முடிவு, பிறந்தநாள் வாழ்த்துகளுக்கிடையே புதைந்து போயிற்று. பிழை கருவியினதன்று, அளவறியாது அதனையே பற்றிநின்ற எமதே.

நால்வரிடையே இருவர் இருவராகப் பேசத்தக்க வழிகள் 6, பதினெண்மரிடையே 153. ஆள் பெருகப் பெருகப் பேச்சு அதனினும் விரைந்து பெருகும் என்பதைப் பிரெடரிக் புரூக்ஸ் 1975-இல் வெளியிட்ட நூலில் மென்பொருட் பணியை வைத்து விளக்கினார். ஆயின் இவ்விடர் கணிப்பொறியோடு பிறந்ததன்று. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதிப் பணி 1913-இல் தொடங்கிற்று. ஓரிலட்சம் ரூபாய் என மதிப்பிட்ட செலவு முடிவில் 4,10,000 ரூபாயாக வளர்ந்தது. 1924 முதல் 1939 வரை ஏழு தொகுதிகள் வெளிவந்தன. சாண்ட்லர் தொடங்கிய பணியை 1926 முதல் வையாபுரிப்பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து நடத்தினார். இத்துணை நெடும்பணியில், நேற்றைய முடிவை நாளை வருபவர் அறிய வழியிருத்தல் இன்றியமையாதது. ஒரு சொல்லுக்கு ஒரு சீட்டு என்னும் அகராதியாளரின் பழைய முறை அவ்வழியாகும். பேசியது காற்றோடு போம். சீட்டு பெட்டியில் நிற்கும்.

2011-இல் தோன்றிய டிரெல்லோவின் அட்டையும் அச்சீட்டின் உறவே எனலாம். ஒரு பணிக்கு ஓர் அட்டை; அதற்கு உரியவர் யார், எந்நிலையில் உள்ளது என்பன அதன்மேல் தோன்றும். சோஹோ புராஜெக்ட்ஸும் இவ்வினத்தது. ஸ்லாக், சோஹோ கிளிக் ஆகியன உரையாடற்கு உரியன. இவ்விரு வகையையும் ஒன்றெனக் கொள்வதே வளரும் குழுக்களின் முதல் தடுமாற்றம்.

மற்றொன்றும் நோக்குதற்குரியது. இட்டதை வெளியே எடுக்க இயலுமா? 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளிலுள்ள தன்னார்வலர் நூல்களைத் தட்டெழுதியும் மெய்ப்புப் பார்த்தும் உதவினர். அவர்தம் பெயர்கள் மின்பதிப்பின் தலைப்பிலேயே குறிக்கப்பெற்றன. யார் என்ன செய்தார் என்பதற்கு அதுவே சான்று. தஸ்கிக் குறியீட்டில் இருந்த பாடங்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்ற முடிந்தது. பாடங்கள் திட்டத்தாரின் கையிலேயே இருந்தமையே காரணம். தலைக்கு இவ்வளவெனத் திங்கள்தோறும் கட்டணம் கொள்ளும் கருவிகளுக்கு இது மிகவும் பொருந்தும். குழு இரட்டித்தால் கட்டணமும் இரட்டிக்கும். அப்போது வெளியேற வழியின்றேல் தொகுப்பு முழுதும் அங்கேயே சிறைப்படும்.

யாம் இறுதியில் அட்டைப் பலகை ஒன்றைத் தெரிந்தோம். வாட்ஸ்அப் குழுவை நீக்கினோமல்லோம். பேருந்து நேரமும் உணவும் பேச அது வேண்டும். ஆயின் சொல்லைப் பற்றிய எம்முடிவும் அட்டையில் ஏறினாலன்றிச் செல்லாது என விதித்தோம். மலைமேற் பல ஊர்களில் கைப்பேசிச் சைகை கிட்டாது. ஆதலின் அங்கே இன்றும் காகிதச் சீட்டுத்தான். ஆலங்காயம் இறங்கிய இரவே அதனை அட்டையில் ஏற்றுகிறோம்.