இஞ்ஜினுக்கு முன்னே எழுந்த அலை

நனைந்த வேஷ்டியைக் கொடியின் ஓர் ஓரத்தில் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: போட்ட இடத்தில் கயிறு தணிகிறது, அதே கணத்தில், மறு ஓரத்தில் காய்ந்துகொண்டிருக்கும் துண்டு, யாரும் தொடாமலே சற்று மேலே எழும்புகிறது. வேஷ்டியைக் கயிற்றோடு நகர்த்திக்கொண்டு போனால், அந்தப் பள்ளமும் கூடவே நகரும். தொங்கு பாலத்தின் மீது பாரம் ஓடுகையில் நிகழ்வதும் இதுவேதான்.

டுவீட் நதியின் மேல் 1820-இல் சங்கிலிப் பாலம் ஒன்றைக் கட்டிக் கீர்த்தி பெற்ற கேப்டன் சாமுவேல் பிரவுன், பத்து வருஷங்களுக்குப் பின், ஸ்டாக்டன்–டார்லிங்டன் ரயில் பாதைக்காக டீஸ் நதியின் மேல் அதே ரீதியில் இன்னொன்றைக் கட்டினார். குதிரை வண்டிகளைத் தாங்கிய முறை ரயிலுக்கு ஒத்துவரவில்லை. இஞ்ஜின் ஏறியதும் தளம் அதன் கீழ் அமிழ்ந்து, முன்னே ஓர் அலையாக எழும்பியது. இஞ்ஜின் முன்னேற முன்னேற, அலையும் அதற்கு வழிகாட்டுவதுபோல் நகர்ந்து சென்றது. 1844-இல் அந்தப் பாலத்தின் ஸ்தானத்தில் வேறு பாலம் வந்துவிட்டது.

சங்கிலியின் பலக்குறைவு இதற்குக் காரணம் அன்று. இழுவிசையைத் தாங்குவதில் நிகரற்ற சங்கிலிக்கும் வடத்துக்கும், வளைவதை எதிர்க்கும் சக்தி மட்டும் கிடையாது. பாரம் எங்கே நிற்கிறதோ அதற்கேற்ற வடிவத்தை அவை அப்போதைக்கப்போது எடுத்துக்கொள்கின்றன. பாரம் பாலத்தின் நடுவில் நிற்பதைவிட, ஒரு பக்கமாகக் கால்வாசித் தூரத்தில் நிற்கும்போதுதான் தொல்லை அதிகம்; ஒரு பாதி தாழ, மறு பாதி உயர்கிறது.

இந்தப் பணிவுக் குணத்துக்கு மாற்று கண்டவர் ஜான் ரோப்ளிங். 1855-இல் நயாகராவின் ஆழ்ந்த பள்ளத்தாக்குக்கு மேலே, 821 அடி இடைவெளியை நான்கு கம்பி வடங்களால் தாண்டி, மேல் தளத்தில் ரயிலும் கீழ்த் தளத்தில் வண்டிகளும் செல்லுமாறு அவர் பாலம் அமைத்தபோது, இரு தளங்களுக்கும் இடையே மரச்சட்டங்களைப் பின்னி, உறுதியான ஒரு நீண்ட கூடு போலாக்கிவிட்டார். ஓரிடத்தில் விழும் பாரத்தை அது பல தொங்கு கம்பிகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தது. பாலத்தின் சொந்தக் கனமும் வடத்தின் வடிவம் எளிதில் மாறாதபடி காத்தது. ரயில்கள் ஆள் நடக்கும் வேகத்தில் சென்றன. பாலமும் 1897 வரை உழைத்தது.

அங்கே ஒரு விசித்திரமான விதியும் இருந்தது: கூட்டமாகப் போகிறவர்கள் தாளம் தப்பாமல் கால் வைத்து நடந்தால் அபராதம், வாத்திய கோஷ்டியினர் வண்டியில் உட்கார்ந்தபடி அல்லாமல் வாசிக்கலாகாது! காரணம், ஒவ்வொரு பாலத்துக்கும் இயற்கையான ஆட்டக் காலம் ஒன்று உண்டு. வெளியிலிருந்து விழும் அடிகள் அதனோடு இசைந்துவிட்டால், அடி சிறிதேயானாலும் ஆட்டம் வளர்ந்துகொண்டே போகும்.

இன்றைய மிக நீண்ட தொங்கு பாலங்கள் ஒருமுறை அசைந்து மீளச் சுமார் பத்து விநாடி பிடிக்கிறது. லாரியோ, தன் வில்களின் மேல் விநாடிக்கு இரண்டு மூன்று தடவை குலுங்குகிறது. இரண்டும் இசைவதற்கு இடமில்லை. போதாததற்கு, முன்னும் பின்னும் செல்லும் வாகனங்கள் தமக்குள் பேசி வைத்துக்கொண்டு குலுங்குவதுமில்லை. ஆகையால் பெரும் பாலங்களுக்குப் போக்குவரத்தைவிடக் காற்றினால்தான் அச்சம் அதிகம். நடுப்பகுதியில் உள்ள குட்டையான தொங்கு கம்பிகள் மட்டும் ஒவ்வொரு லாரிக்கும் சற்று வளைந்து நிமிர்ந்து, நாளடைவில் தளர்கின்றன. மற்றபடி, நயாகராவில் அபராதம் விதித்துப் பழக்க வேண்டியிருந்த நடையை, லாரிகள் யாரும் சொல்லாமலே நடந்துகொண்டிருக்கின்றன.