தகடு மாறினால் வண்டி மாறுமா?

கம்பைநல்லூர்க் கடைவீதியில் ஒரு மோட்டார் வண்டியைக் கண்டோம். பின்புறத்தில் ஒட்டியிருந்த பெயர்த் தகடு அதே இனத்தில் விலையுயர்ந்த வண்டிக்கு உரியது. உள்ளே எட்டிப் பார்த்தாலோ, எளிய வண்டிதான்! காரணம் கேட்டோம். "சொற்பச் செலவில் அந்தஸ்து, ஸார்!" என்று சிரித்தார் சொந்தக்காரர்.

அவரைப் பழிக்க நமக்கு வாய் எழவில்லை. தேசமே செய்த காரியமல்லவா? இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டிதான் 1950-களின் இறுதியில் வங்காளத்து உத்தரபாராவில் 'அம்பாஸடர்' என்று நாமகரணம் பெற்றது. 1961 முதல் சென்னையில் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்று பிறந்ததும் அந்நாட்டு டிரையம்ப் ஹெரால்டே. ஆயினும் ஒரு பேதம் உண்டு. அங்கே தகட்டை ஒட்டியதோடு நிற்கவில்லை. நாளடைவில் பாகங்களையும் இங்கேயே செய்யக் கற்றார்கள். அந்த உழைப்பினால்தான் இரவல் வண்டி நம்முடையதாயிற்று.

அம்பாஸடர் உற்பத்தி 2014-ல் நின்றது. 2017-ல் அந்தப் பெயரை மட்டும் பிரெஞ்சு தேசத்துப் பியூஜோ நிறுவனத்தார் 80 கோடி ரூபாய்க்கு வாங்கினார்கள். வண்டியே இல்லாத தகட்டுக்கு அவ்வளவு விலை!

நம் கம்பைநல்லூர் நண்பர் வண்டியை விற்கப் போகிறாராம். வாங்க எண்ணும் அன்பர்கள் முதலில் பதிவுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார்களாக. வண்டியின் உண்மைப் பெயர் அதில் இருக்கிறது.