கையொப்பமிட்டவர் கடமை

இலங்கை விவகாரத்தை நமது பட்டணத்தார் அயல்நாட்டு விவகாரமென்று கருதியதில்லை. 1982ஆம் வருஷம் மே மாதம் 19ந் தேதி தியாகராய நகர் பாண்டி பஜாரில் பிரபாகரனும் உமா மகேஸ்வரனும் துப்பாக்கிச் சண்டையிட்டனர். பின்னர் சில வருஷ காலம் அடையாற்று இந்திரா நகரில் புலிகளின் காரியாலயமே நடைபெற்றது. 1991இல் ஸ்ரீபெரும்பூதூரில் ராஜீவ் காந்தி கொலையுண்டதும் அந்த வாசல்கள் அடைபட்டன. அது நியாயமே. ஆனால் 1987ஆம் வருஷத்து இந்திய-இலங்கை ஒப்பந்தத்தையும் செத்த பத்திரமென்று மயிலாப்பூர் வக்கீல்கள் சிலர் பேசுவதை நாம் ஒப்புவதற்கில்லை.

1987 ஜூலை 29ந் தேதி கொழும்பில் கையொப்பமிட்டவர்கள் ராஜீவ் காந்தி, ஜயவர்த்தனா ஆகிய இருவரே. தமிழர் அதில் கட்சிக்காரர் அல்லர். புலிகளோ அதை நிராகரித்து நமது சேனையோடேயே பொருதனர். ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் அங்கே மடிந்தனர். ஒப்பந்தத்தில் சேராதவன், அதன் பலன் தன்னைச் சார்ந்ததாயினும், அதைக் கொண்டு வழக்காட இயலாதென்பது பொது விதி. அவ்வாறாயின் கொழும்பு சர்க்காரை நோக்கி, “நீர் ஒப்புக்கொண்டது எங்கே?” என்று ஒப்பந்தத்தின் பேரால் கேட்கத்தக்கவர் யார்? தில்லி ஒன்றே.

அந்தத் தில்லி, தனக்கு அனுகூலமான பகுதியை மறந்துவிடவில்லை. ஒப்பந்தத்தோடு இணைந்த கடிதங்களில் திருகோணமலை எண்ணெய்க் குதங்களை இரு நாடுகளும் கூட்டாக நடத்துவதென்று கண்டிருக்கிறது. முப்பத்து நான்கு வருஷங்களுக்குப் பிறகேனும், 2022 ஜனவரியில், அதற்கான உடன்படிக்கைகளை நமது சர்க்கார் பெற்றே தீர்ந்தது. பொறுமைக்கும் விடாமுயற்சிக்கும் அது நல்ல அத்தாட்சி. மாகாண சபை விஷயத்தில் அவ்விடாமுயற்சியைக் காணோம்.

ஒப்பந்தத்தின் விளைவாக 1987 நவம்பரில் 13வது அரசியல் திருத்தம் பிறந்தது. காணி, போலீஸ் அதிகாரங்கள் ஏட்டில் நின்றன. வடக்கையும் கிழக்கையும் இணைத்த ஏற்பாட்டை 2006இல் இலங்கை சுப்ரீம் கோர்ட் செல்லாதாக்கிற்று. 2013 செப்டம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட வட மாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. தொகுதி எல்லை வகுப்பதென்ற சாக்கில் அடுத்த தேர்தல் தள்ளிக்கொண்டே போயிற்று. 2025 மே மாதத்தில் உள்ளூராட்சித் தேர்தலை நடத்த முடிந்த சர்க்காருக்கு, அப்போதும் மாகாணத் தேர்தலுக்கு வழி புலப்படவில்லை! ஜனங்கள் தேர்ந்தெடுத்தவர் இருக்க வேண்டிய இடத்தில் ஜனாதிபதி நியமித்த கவர்னர் தனித்து ஆண்டார்.

நாம் உதவி செய்யவில்லையா என்பார்கள். தாராளமாகச் செய்தோம். யுத்தத்திற்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் 46,000 வீடுகளுக்கு நமது பொக்கிஷம் பணம் கொடுத்தது. பெயர்த்தெடுக்கப்பட்ட தண்டவாளங்களை நமது கம்பெனி மீண்டும் போட, 2014 அக்டோபரில் யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணம் புகுந்தது. 2022இல் கொழும்பில் பெட்ரோலும் மருந்தும் அற்றுப்போனபோது சுமார் 400 கோடி டாலர் அளவுக்கு ஆதரவு சென்றது. இவற்றையெல்லாம் நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் வீடு கொடுப்பது தயவு. சபை கேட்பது பாத்தியதை. முன்னதைச் செய்ததனால் பின்னது தீர்ந்ததாகாது.

அழுத்திக் கேட்டால் கொழும்பு சீனாவிடம் போய்விடுமென்று ராஜதந்திரிகள் நம்மைப் பயமுறுத்துகிறார்கள். ஐ.நா. மனித உரிமைச் சபையில் 2012இலும் 2013இலும் இலங்கைமீது வந்த தீர்மானங்களை ஆதரித்த இந்தியா, 2014இல் நடுநிலை வகித்து ஒதுங்கியது. அதற்குக் கிடைத்த சன்மானம் என்ன? 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 வருஷக் குத்தகையாகச் சீனக் கம்பெனியிடம் சென்றது. ஆக, பேசாதிருந்தும் போனது போனதே.

2025 ஏப்ரலில் கொழும்பு சென்ற பிரதம மந்திரி மோடி, மாகாணத் தேர்தல் நடைபெறுமென்ற நம்பிக்கையை வெளியிட்டார். அதே பிரயாணத்தில் பாதுகாப்பு உடன்படிக்கை கையொப்பமாயிற்று. ஒன்றுக்குப் பத்திரம், மற்றொன்றுக்கு நம்பிக்கை மட்டும்! இனி வரும் கூட்டறிக்கையில் தேர்தல் மாதமும் வருஷமும் காணவேண்டுமென்று பார்லிமெண்டில் நமது அங்கத்தினர்கள் கேட்கட்டும். மயிலாப்பூரும் தியாகராய நகரும் அடங்கிய தென் சென்னைத் தொகுதியின் அங்கத்தினரே முதற் கேள்வியைப் போடலாம்.