சேற்றைத் தேடி வரும் விருந்தாளிகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. ஆனாலும் முகத்துவாரம் உண்டு. வலிகாமத்துக்கும் தென்மராட்சிக்கும் இடையில் கிடக்கும் உப்பாறு, மாரி மழைநீரைச் சேர்த்துவந்து அரியாலைத் தடுப்பணை வழியே பரவைக்கடலில் விடுகிறது. அங்கிருந்து மேற்கே, சைக்கிளில் போகும் தூரத்தில் கொழும்புத்துறை. யோகர் சுவாமிகள் வாழ்ந்த ஊர்; ஒரு காலத்தில் பூநகரிக்குப் படகேறிய துறை. ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை அதன் கரையில் வந்திறங்குபவை வலசைப் பறவைகள்.

நன்னீரும் உவர்நீரும் கலக்கும் சேற்றில் புழு, சிப்பி, கூனி இறால் மண்டிக் கிடக்கும். வற்றுக்குக் கடல் பின்வாங்கியதும் பந்தி தொடங்கிவிடும். கொசு உள்ளான் ஓடியோடி மேற்சேற்றைக் கொத்தும். கருவால் மூக்கன் நீண்ட நேர்ச் சொண்டைக் கண்மட்டம்வரை புதைக்கும். கரைப்பறவையான கோட்டானின் வளைந்த சொண்டு நண்டு வளைக்குள் நுழையும். கரண்டிவாயன் தலையை இடமும் வலமும் வீசி நீரைத் துழாவும். பூநாரை தலையைக் கவிழ்த்துச் சேற்றுநீரை வடிகட்டும். சொண்டுக்கேற்ற ஆழத்தில் ஒவ்வொன்றுக்கும் இரை இருப்பதால், ஒரே சேற்றில் இத்தனை இனமும் பிழைக்கின்றன.

இவற்றுள் பல மத்திய ஆசியப் பறப்புப் பாதையால் வருபவை. 2021இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் செய்மதிக் கருவி பூட்டிவிட்ட கடற்காகம் ஒன்று, ரஷ்யாவின் ஆர்க்டிக் கரைவரை போனது.

பார்க்கப் போகிறவர்கள் வற்று நேரத்தைக் கடற்றொழிலாளரிடம் கேட்டுவிட்டுப் போவது நல்லது. பின்னேரம் நான்கு மணிக்குமேல் வெயில் முதுகில் விழ, கிழக்கே பார்த்து நின்றால் நிறங்கள் தெளிவாகத் தெரியும். எட்டு மடங்கு பெருக்கும் தொலைநோக்கி போதும். சிறகுவலைக் கம்புகளையும் விட்டுவிடாதீர்கள்; சிறகு விரித்து உலர்த்தும் நீர்க்காகங்கள் அங்கேதான் இருக்கும்.

குடாநாட்டை ஒட்டிய சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்காவானது. கொழும்புத்துறைச் சேற்றுக்கு அப்படியொரு காவல் இல்லை. வெறும் நிலம் என்று நினைத்துக் குப்பை கொட்டினாலும் மண் போட்டு நிரப்பினாலும் பந்தி கலைந்துவிடும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கிறது. அதற்குப் பள்ளி மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். வந்த பறவைகளை எண்ணி எழுதிவையுங்கள். கையில் கணக்கு இருந்தால்தான் காவல் கேட்க முடியும்.