சரிவில் நேராக ஓட்டும் சென்சார்

ஜிபிஎஸ் கோட்டைப் பிடித்துக்கொண்டு தானே ஸ்டீயரிங்கைத் திருப்பி ஓடும் டிராக்டர்கள் இன்று கனடாவின் பெரிய வயல்களில் சாதாரணக் காட்சி. ஆல்பர்ட்டா மாகாண விவசாயி பிரையன் டிஷ்லர் உருவாக்கிய அக்ஓப்பன்ஜிபிஎஸ் என்ற இலவச மென்பொருளை வைத்து, பழைய டிராக்டரில்கூட இந்த வசதியை விவசாயிகளே பொருத்திக்கொள்கிறார்கள்.

ஆர்டிகே என்ற திருத்த முறை சேர்ந்தால் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் துல்லியம் கிடைக்கும். ஆனால் அது ஆன்டெனா இருக்கும் இடத்தின் துல்லியம். ஆன்டெனா இருப்பது கேபின் கூரையில், ஏறக்குறைய 3 மீட்டர் உயரத்தில். விதை விழுவது மண்ணில். வண்டி பக்கவாட்டில் ஒரு டிகிரி சாய்ந்தாலே ஆன்டெனா 5 சென்டிமீட்டர் விலகிவிடும். 5 டிகிரி சரிவில் 26 சென்டிமீட்டர்!

இந்த விலகலைக் கழிக்கத்தான் சாய்வு சென்சார். அதிலுள்ள முடுக்கமானி புவியீர்ப்பின் திசையை வைத்துச் சாய்வைக் கணிக்கிறது. வேகமாக வளையும்போது அது ஏமாந்துபோகும் என்பதால் கைரோஸ்கோப்பும் துணைக்கு உண்டு.

சென்சாரைத் திருகாணி போட்டு முடுக்கும்போதே சிறு கோணல் வந்துவிடும். அதைக் கண்டுபிடிக்கும் வழி எனக்கு மிகவும் பிடித்தது. அதற்கு மட்டமான தரைகூட வேண்டாம். முதலில் இரு பக்க டயர்களிலும் காற்றைச் சரிபார்க்க வேண்டும். பிறகு வண்டியை நிறுத்தி, பின்சக்கரங்கள் நிற்கும் இடத்தைச் சுண்ணாம்பால் குறித்து, சென்சார் காட்டும் எண்ணை எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்து வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து, இடச் சக்கரம் நின்ற குறியில் வலச் சக்கரம் நிற்கும்படி நிறுத்த வேண்டும். பெரும்பாலான டிராக்டர்களில் முன் அச்சு நடுவில் ஊசலாடும். அதனால் வண்டி உடலின் சாய்வைத் தீர்மானிப்பவை பின்சக்கரங்களே.

முதலில் 2.4 டிகிரி, திருப்பிய பின் மைனஸ் 1.0 என்று வைத்துக்கொள்வோம். வண்டியின் திசை மாறியதும் தரைச் சாய்வின் பிளஸ், மைனஸ் குறி மாறும்; சென்சாரின் கோணல் மாறாது. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 0.7. அதுதான் சென்சாரின் பிழை. மீதி 1.7 தரையுடையது.

இதைச் செய்யாமல் விட்டால் வயலே காட்டிக்கொடுக்கும். ஒரு டிகிரி பிழை, போகும்போது வண்டியை 5 சென்டிமீட்டர் ஒரு பக்கமும் திரும்பி வரும்போது அதே அளவு எதிர்ப்பக்கமும் தள்ளும். அடுத்தடுத்த விதைப்புப் பட்டைகளுக்கு நடுவே ஓரிடத்தில் 10 சென்டிமீட்டர் வெற்றிடம், அடுத்த இடத்தில் 10 சென்டிமீட்டர் இரட்டை விதைப்பு என்று மாறி மாறி வரும். பயிர் முளைத்ததும் அந்த ஒழுங்கைப் பார்த்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது சாய்வு சென்சாரைத்தான்.