ஏணியும் மின்சாரமும்

மழை பெய்யும் காலையில் மரம் சீவும் வேலை இல்லை. பால் ஸ்டோரின் கூரை ஒழுகுவதும் அன்றுதான் கண்ணில் படுகிறது. சும்மா நிற்கும் ஒருவரை மண்டோர் அழைத்து, "தம்பி, அந்தத் தகரத்தைக் கொஞ்சம் ஏறிப் பாருப்பா" என்கிறார். நாமும் தயங்காமல் ஏறிவிடுகிறோம். ஈரமான ஏணி, ஈரமான கால், ஈரமான கூரை, அதனடியில் பழைய மின்கம்பி. விபத்துக்கு வேண்டியவை யாவும் ஒரே வேளையில் அங்கே கூடிவிடுகின்றன.

ஏணியிலிருந்து விழுவது ஓர் ஆபத்து, மின்சாரம் தாக்குவது மற்றோர் ஆபத்து என்று நாம் பிரித்தே எண்ணிப் பழகிவிட்டோம். உயரத்தில் வேலை செய்பவருக்கு இவை இரண்டும் ஒன்றே. தரையில் நிற்கும்போது 'சுருக்' என்று தாக்கினால் கையை உதறிவிட்டுச் சிரித்துக் கொள்வோம். அதே சிறு அதிர்ச்சி 12 அடி உயரத்தில் நேர்ந்தால், உதறிய கை ஏணியை விட்டுவிடுகிறது.

எவ்வளவு மின்சாரம் ஆளைக் கொல்லும்? பழைய 60 வாட் குமிழ் ஒன்று எரிவதற்கு ஏறத்தாழக் கால் ஆம்பியர், அதாவது 250 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் செல்கிறது. சுமார் 10 மில்லி ஆம்பியர் உடலில் பாய்ந்தாலே விரல்கள் இறுகிக் கம்பியை விட முடியாமற் போகலாம். அதைப்போல் சில மடங்கு பாய்ந்தால் இதயத் துடிப்பே நிலைகுலையக்கூடும். "பியூஸ் இருக்கிறதே" என்று சிலர் ஆறுதல் கொள்வர். 5 ஆம்பியர் பியூஸ் கம்பி எரிந்து போகாமல் காப்பதற்கு உரியது. மனிதரைக் காப்பதற்கு அன்று. மனிதரைக் காக்க வல்லது 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி. அதில் சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்திப் பார்க்கும் வழக்கம் எத்தனை ஸ்டோர்களில் இருக்கிறதோ!

ஆகவே, ஏணியைத் தொடுமுன் மெயின் சுவிட்சை அணைத்திட வேண்டும். விளக்குச் சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. இணைப்பு மாறியிருந்தால் சுவிட்சு அணைந்த பின்னும் குமிழ்க் கூட்டில் மின்சாரம் இருக்கும். பியூஸைக் கழற்றி, ஏறுகிறவரே தம் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது நல்லது. இருட்டாக இருக்கிறதே என்று வேறொருவர் வந்து சுவிட்சைத் தட்டிவிடுவது வழக்கமாக நடப்பதுதானே! கம்பியைப் பழுதுபார்ப்பதோ தகுதிச் சான்று பெற்ற வயர்மேனின் வேலை. அது நம்முடையதன்று.

அலுமினிய ஏணி தூக்குவதற்கு இலேசானது. மின்சாரத்தையும் அப்படியே கடத்திவிடும். மரஏணியும் நனைந்துவிட்டால் நம்பத்தக்கதன்று. ஏணியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு லயத்துக்கு லயம் நடப்பவர், மேலே செல்லும் கம்பியை மறந்துவிடுகிறார். படுக்கவைத்து இருவராகத் தூக்கிச் செல்வதே முறை. 12 அடி உயரத்தில் சாய்த்தால் ஏணியின் அடி சுவரிலிருந்து 3 அடி தள்ளியிருக்கட்டும். நுனி கூரை விளிம்புக்கு மேல் 3 அடி நீண்டிருக்கட்டும். அடியை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் நேரே கால் வைத்தல் ஆகாது. அது உடைந்து உள்ளே விழச் செய்யும்.

யாரேனும் கம்பியில் சிக்கினால் ஓடிச் சென்று அவரைப் பிடித்துவிடக் கூடாது. பிடித்தவரும் உடன் மாண்டுபோக நேரும். முதலில் மெயினை அணைக்க வேண்டும். வெளியே செல்லும் உயரழுத்தக் கம்பியாயின் அருகே போகாமல் 999-ஐ அழைத்து, மின்சார வாரியத்துக்கும் அறிவிக்க வேண்டும். மின்சாரம் நின்றபின் மூச்சில்லாமல் கிடப்பவரின் நெஞ்சின் நடுவே இரு கைகளாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருத்தல் வேண்டும்.

"மாட்டேன் என்றால் வேலை போய்விடுமே" என்ற அச்சம் நியாயமானதே. ஆயினும் 1994-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்து, அதை அறிந்தும் முதலாளி நீக்காவிடில், தொழிலாளி அவ்விடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைப் பழிவாங்கலாகாது. எனவே ஒழுகும் கூரையைக் காட்டும் மண்டோரிடம் நாம் முதலில் கேட்க வேண்டியது, மெயின் சுவிட்சு எங்கே இருக்கிறது என்பதுதான்.